கிரீன்லாந்தில் ஆங்கிலம் எதுவரைக்கும் கைகொடுக்கும்?

கிரீன்லாந்துக்குத் தனியாகப் போவது என்று முடிவெடுத்ததிலிருந்து எனக்கு இருந்த பெரிய கவலை மொழிதான். குளிரை நல்ல உடுப்பு வாங்கிச் சமாளித்துவிடலாம். பேச்சு புரியாத ஊரில் உடம்புக்கு ஏதாவது என்றால் யாரிடம் போய் நிற்பது? போய் வந்தவர்கள், பயண ஏற்பாட்டாளர்கள் என்று யாரைக் கேட்டாலும் "ஆங்கிலம் போதும், எல்லோருக்கும் தெரியும்" என்றே சொன்னார்கள். 2025 ஜூலையில் போனேன். மணிக்கட்டு எலும்பில் ஒரு விரிசல், ஒன்றரை லட்சத்தை நெருங்கும் நட்டம், ஒரு தீவில் நாள்கணக்கில் முடக்கம் என்று திரும்பி வந்தேன். அவர்கள் சொன்னது பொய் என்று சொல்ல மாட்டேன். எல்லாம் சரியாக நடக்கிறவரை அங்கே ஆங்கிலம் போதும். ஏதாவது பிசகிவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து டென்மார்க்கின் மொழியான டேனிஷோ கிரீன்லாந்து மொழியோ தெரிந்த ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும். இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த நாட்களில் நான் பட்ட பயத்தில் பாதி குறைந்திருக்கும்.

முதலில் அங்கே எந்த மொழி எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 57,000தான். அதில் மூன்றில் ஒரு பங்கினர் தலைநகர் நூக்கில் இருக்கிறார்கள். கிரீன்லாந்து டென்மார்க்குக்குக் கீழ் தன்னாட்சி பெற்ற பகுதி, 2009 தன்னாட்சிச் சட்டத்தின்படி கிரீன்லாந்து மொழிதான் ஆட்சி மொழி. ஆனால் மருத்துவமனை, நீதிமன்றம், உயர்கல்வி, அலுவலகக் கடிதம் என்று பல இடங்களில் டேனிஷ் இன்னும் உறுதியாக இருக்கிறது. அவர்களுடைய நாடாளுமன்றத்திலேயே இந்த இரண்டு மொழிகளுக்கும் இடையே உடனுக்குடன் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பார்கள். ஆங்கிலம் இவற்றுக்கு அடுத்துத்தான். பள்ளியில் சொல்லித்தருகிறார்கள், டேனிஷுக்குப் பதில் ஆங்கிலத்தையே முதல் அயல்மொழியாக ஆக்கிவிடலாம் என்று அரசியலில் பேச்சு பல வருடங்களாக ஓடுகிறது. ஆனாலும் ஒரு மருந்துச் சீட்டோ படகு அறிவிப்போ எழுதப்படும்போது இந்த இரண்டு மொழிகள்தான் கைக்கு வரும். ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் சாலை கிடையாது, படகு அல்லது விமானம்தான். அதனால் ஒரு அறிவிப்பு புரியாமல் போனால் அடுத்த பேருந்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடியாது.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவற்றில் மூன்றை இங்கேயே சொல்கிறேன், மூன்றும் என்னைப் பின்னால் தொட்டவை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கு ஒரே விசா என்கிற ஷெங்கன் ஏற்பாட்டில் கிரீன்லாந்து இல்லை. டென்மார்க் தரும் சாதாரண ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு அங்கே இறங்க முடியாது. கிரீன்லாந்துக்குச் செல்லும் என்று விசாவில் தனியாகக் குறித்திருக்க வேண்டும். கோபன்ஹேகன் வழியாகப் போய் அதே வழியில் திரும்பினால் ஷெங்கனுக்குள் இரண்டாவது முறை நுழைகிறீர்கள், அதற்கும் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் போகும் நாளும் வரும் நாளும் கச்சிதமாக எழுதாமல் கடைசியில் சில நாட்கள் கூடுதலாகக் கேளுங்கள். எனக்கு அந்தக் கூடுதல் நாட்கள் இருந்ததால்தான் பெரிய சிக்கல் ஒன்று வராமல் போனது. இரண்டாவது, காப்பீடு. ஷெங்கனுக்கு என்று விற்கிற பாலிசியில் கிரீன்லாந்து அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, சிம். கிரீன்லாந்து 1985-லேயே அன்றைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்வடிவம்) விட்டு வெளியேறிவிட்டது. ஐரோப்பா முழுக்க ஒரே கட்டணம் என்று சொல்லி விற்கிற சிம்மை நம்பி அங்கே இறங்கினால் பணம் கரைந்துபோகும், அல்லது சிக்னலே வராது. உள்ளூர் நிறுவனமான துசாஸின் சிம்மை நூக்கிலேயே வாங்கிவிடுங்கள்.

நூக்கில் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. 2024 நவம்பரில் திறந்த நீண்ட ஓடுபாதையால் இப்போது கோபன்ஹேகனிலிருந்து நேராக அங்கேயே இறங்கிவிடலாம். விமான நிலைய அறிவிப்பு மூன்று மொழிகளில் வந்தது. காபிக் கடை, அருங்காட்சியகம், பேருந்து என்று எங்கும் ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். உணவகத்தில் பரிமாறிய பெண் பிலிப்பைன்ஸ்காரர். பிலிப்பைன்ஸ், தாய்லாந்திலிருந்து வந்து வேலை செய்கிறவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் பலரோடு ஆங்கிலத்தில் தாராளமாகப் பேசலாம். அடுத்துப் போன இலுலிசாட்டும் அப்படித்தான். பனிக்கட்டிக் கடற்கழி 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து அந்த ஊருக்குச் சுற்றுலாதான் பெரும் வரும்படிகளில் ஒன்று. வழிகாட்டிகளில் பாதிப் பேர் டென்மார்க்கிலிருந்து கோடைக்கு வந்த இளைஞர்கள், ஆங்கிலம் சரளம். பனிமலை உடைந்தால் திடீரென்று பேரலை எழும், கரையில் நடக்காதீர்கள் என்ற எச்சரிக்கைப் பலகைகூட மூன்று மொழிகளில் இருந்தது. சுற்றுலாப் பயணி உயிர்விடக்கூடிய இடத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள் என்றால் மற்ற இடத்திலும் எழுதியிருப்பார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த நம்பிக்கையோடுதான் டிஸ்கோ தீவுக்குப் படகேறினேன்.

அந்தத் தீவில் உள்ள ஒரே நகரம் கெகெர்டார்சுவாக். 800 பேர் அளவுக்குத்தான் இருப்பார்கள். கறுப்பு மணல் கடற்கரை, தட்டுத்தட்டாக எழும் எரிமலைப் பாறை, கரையோரமாக மிதக்கும் பனிமலைகள், கோடையில் வேலையில்லாமல் கட்டிப்போட்டிருக்கும் ஸ்லெட்ஜ் நாய்களின் ஊளை. 1906-ல் தொடங்கிய டேனிஷ் ஆய்வு நிலையம் ஒன்று ஊருக்கு ஓரத்தில் இருக்கிறது. நான் தங்கிய வீட்டில் எழுபதை நெருங்கும் ஒரு பாட்டி, அவருடைய மகன், பள்ளிக்கூடம் போகும் பேத்தி. மொழி அங்கே எப்படி இருக்கிறது என்பதை நான் கற்றுக்கொண்டது அந்தச் சமையலறை மேசையில்தான். பாட்டிக்குக் கிரீன்லாந்து மொழியும் நல்ல டேனிஷும் தெரியும், ஆங்கிலம் ஏறக்குறைய இல்லை. மகனுக்கு மீன்பிடிப் படகுக்கும் கடைக்கும் வேண்டிய அளவு ஆங்கிலம் உண்டு. பேத்தி யூடியூபிலும் விளையாட்டுகளிலும் பழகிய ஆங்கிலத்தில் கடகடவென்று பேசினாள், அதுவும் அமெரிக்க உச்சரிப்பில். வயது குறையக் குறைய ஆங்கிலம் கூடுகிறது. நம் ஊரில் ஆங்கிலம் வேண்டுமென்றால் படித்த பெரியவர் யாரையாவது தேடுவோம். அங்கே பதினைந்து வயதுப் பிள்ளையைத் தேட வேண்டும்.

பாட்டியின் டேனிஷுக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. அவர் படித்த காலத்தில் டேனிஷ் வந்தால்தான் முன்னேற்றம் என்று பள்ளிகளை நடத்தினார்கள். பல பிள்ளைகளை ஒரு வருடம் டென்மார்க்கில் ஏதாவது ஒரு குடும்பத்தில் தங்கிப் படிக்க அனுப்பினார்கள். இவரும் போனவர். அதற்கும் முன்னால், 1951-ல், 22 குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து டென்மார்க்குக்குக் கொண்டுபோய், திரும்பி வந்த பிறகும் பலரை வீட்டுக்கு அனுப்பாமல் விடுதியில் வைத்தார்கள். அதற்காக டேனிஷ் பிரதமர் 2020-ல் மன்னிப்புக் கேட்டார். 1979-ல் உள்நாட்டு ஆட்சி வந்த பிறகுதான் பள்ளியில் கிரீன்லாந்து மொழி தலைதூக்கியது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஒருவரிடம் போனதும் போகாததுமாக "டேனிஷ் தெரியுமா, ஆங்கிலம் தெரியுமா" என்று விசாரணை மாதிரிக் கேட்பது அங்கே நன்றாக இருக்காது. முதலில் அவர்கள் மொழியில் ஒரு வணக்கம், கடைசியில் "குயனாக்" என்று ஒரு நன்றி. இது போதும், முகம் மலர்ந்துவிடும். அப்புறம் தங்களுக்கு என்ன மொழி வசதியோ அதை அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாம் நாள் கடற்கரைப் பக்கம் நடந்துபோனபோது ஈரப் பாறையில் வழுக்கி விழுந்தேன். இடது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு கண்ணெதிரே வீங்கியது. அக்கம்பக்கம் யாரும் இல்லை. வீடு வந்து சேர்வதற்குள் அழுகை வந்துவிட்டது, வலியைவிடப் பயம்தான் காரணம். பாட்டி என் கையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தன் சால்வையைக் கழுத்தில் தூளி மாதிரிக் கட்டிவிட்டார், பேத்தியைக் கூப்பிட்டார், மூவரும் மருத்துவ நிலையத்துக்கு நடந்தோம்.

அங்கே இருந்த செவிலிப் பெண் கிரீன்லாந்துக்காரர். மொழிபெயர்ப்புக்கு அங்கே ஏற்பாடு உண்டு. ஆனால் கிரீன்லாந்து மொழி பேசும் நோயாளிக்கும் டென்மார்க்கிலிருந்து வந்த மருத்துவருக்கும் இடையில் நிற்பதற்கானது அது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த நோயாளி அந்த ஏற்பாட்டின் கணக்கிலேயே இல்லை. செவிலி கையை அழுத்திப் பார்த்துக்கொண்டே ஏதோ கேட்டார், பேத்தி எனக்குச் சொன்னாள். அந்தப் பிள்ளையின் ஆங்கிலம் எவ்வளவு சரளமாக இருந்தாலும் அது விளையாட்டிலும் வேடிக்கைக் காணொளியிலும் வளர்ந்த ஆங்கிலம். எலும்பு முறிவா, சுளுக்கா, விரல் மரத்துப்போகிறதா என்று வரும்போது அவளுக்குச் சொல் கிடைக்கவில்லை. அவள் முகம் சிவந்துபோனதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு குழந்தையின் தலையில் இந்தச் சுமையை ஏற்றியிருக்கக்கூடாது, ஆனால் அந்த நேரத்தில் அந்த அறையில் வேறு வழியும் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. "எக்ஸ்ரே இன்றைக்கே எடுக்க முடியுமா?" என்று நான் செவிலியிடம் நேராகக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து மூக்கை லேசாகச் சுருக்கினார், வேறு பேச்சில்லை. என்மீது எரிச்சல் என்றே எடுத்துக்கொண்டு உள்ளுக்குள் ஒடுங்கிப்போனேன். பிறகு, "கையைத் தூக்கி வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டதற்குப் புருவத்தை மட்டும் உயர்த்திவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். பதில் சொல்லக்கூட விருப்பமில்லையோ என்று தோன்றியது. வெளியே வந்த பிறகு பேத்திதான் விளக்கினாள்: புருவத்தை உயர்த்தினால் ஆமாம், மூக்கைச் சுருக்கினால் இல்லை. வாய் திறக்காமலேயே அங்கே எல்லோரும் இப்படித்தான் பதில் சொல்கிறார்கள். அந்தப் பெண் நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இதைப் போகும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள், கேள்வி கேட்டதும் எதிராளியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். கேள்வியையும் நேராகவே கேளுங்கள். "படகு வராதா?" என்று எதிர்மறையாகக் கேட்டால் வருகிற "ஆமாம்" வரும் என்பதற்கா, வராது என்பதற்கா என்று தெரியாமல் முழிக்க வேண்டும். நாமே தமிழில் "ஆமா, வராது" என்று சொல்கிறவர்கள்தானே.

கடைசியில் தொலைபேசியில் ஒரு டேனிஷ் மருத்துவர் வந்தார். அவருடைய ஆங்கிலம் அருமை. இரண்டு நிமிடத்தில் எல்லாம் தெளிவாயிற்று: அட்டை வைத்துக் கட்டிக்கொள்வது, எக்ஸ்ரேயை இலுலிசாட்டுக்குத் திரும்பியதும் எடுத்துக்கொள்வது. ஆக அந்த நாட்டில் ஆங்கிலம் இருக்கிறது, அது எந்த ஆளிடம் இருக்கிறது, அந்த ஆளிடம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் கேள்வி. மருத்துவ நிலையத்துக்குப் போனால் முதலிலேயே "மருத்துவரோடு தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேச முடியுமா?" என்று கேட்டுவிடுங்கள். மருந்து விஷயத்தில் இன்னொரு பாடம். எனக்கு டைக்ளோஃபினாக் ஒத்துக்கொள்ளாது. நம் ஊரில் வோவரான் என்று பிராண்டு பெயரைச் சொல்லியே பழகிவிட்டோம், அங்கே அது யாருக்கும் தெரியாது. டோலோவும் தெரியாது. மூலப்பெயரைச் சொன்னால் டேனிஷ்காரருக்கும் கிரீன்லாந்துக்காரருக்கும் புரிகிறது. உங்கள் இரத்த வகை, ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மாத்திரைகள், வீட்டில் ஒருவருடைய எண் ஆகியவற்றைக் கிளம்பும் முன்பே டேனிஷில் மொழிபெயர்த்து ஒரு அட்டையில் அச்சடித்துப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். நான் இப்போது எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டு மொழியில் இப்படி ஒன்று எடுத்துப் போகிறேன்.

மறுநாள் மாலைப் படகில் நான் திரும்ப வேண்டும். சீட்டில் ஒரு நேரம் போட்டிருந்தது. காற்று பலமாக இருந்ததால் நேரத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் துறைமுகத்துக்குப் போய் அங்கே கயிறு சுற்றிக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன். ஆங்கிலத்தில்தான் கேட்டேன், ஆங்கிலத்தில்தான் சொன்னார்: "ஹாஃப் நைன்." நாம் படித்த ஆங்கிலத்தில் அது ஒன்பதரை. டேனிஷ் கணக்கில் அது ஒன்பதை நோக்கிப் பாதி வந்த நேரம், அதாவது எட்டரை. அவர் டேனிஷில் நினைத்ததை ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். நான் அரை மணி முன்னதாகவே, ஒன்பது மணிக்கு, கட்டுப்போட்ட கையோடு பெட்டியை இழுத்துக்கொண்டு போனேன். படகுத்துறை காலியாக இருந்தது. தூரத்தில் இரண்டு பனிமலைகளுக்கு நடுவே படகின் வெள்ளைக் கோடு மட்டும் தண்ணீரில் தெரிந்தது. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். ஜூலையின் பெரும்பகுதியில் அங்கே சூரியன் மறைவதே இல்லை, ராத்திரி ஒன்பது மணிக்கும் நடுப்பகல் மாதிரி வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் அப்படி நின்றது இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. நேரம், விலை, தேதி எதுவானாலும் வாயால் கேட்டதோடு விடாதீர்கள். எழுதிக் காட்டச் சொல்லுங்கள், இருபத்து நான்கு மணிக் கணக்கில். கிரீன்லாந்து மொழியில் பன்னிரண்டு வரைக்கும்தான் எண்ணுவது வழக்கம், அதற்கு மேல் டேனிஷ் எண்கள். டேனிஷிலோ ஒன்றின் இலக்கம் முன்னால் வரும், பத்தின் இலக்கம் பின்னால். டேனிஷ் நாணயமான குரோனரில் 64-க்கும் 46-க்கும் இடையே சொல்கிறவரும் தடுமாறுவார், கேட்கிறவரும் தடுமாறுவார். கைபேசியில் எண்ணைத் தட்டிக் காட்டினால் அந்தத் தொல்லையே இல்லை.

அடுத்த படகு ரத்து. அதற்கடுத்ததும் ரத்து. காற்று நின்றதும் மூடுபனி வந்து உட்கார்ந்துகொண்டது. கையில் விரிசல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் நாட்கள் போயின. இந்த ரத்து அறிவிப்புகள் எனக்கு எப்படி வந்தன தெரியுமா? கடையின் அறிவிப்புப் பலகையிலும் ஊர்க்காரர்களின் ஃபேஸ்புக் குழுவிலும், கிரீன்லாந்து மொழியிலும் டேனிஷிலும். கூகிள் மொழிபெயர்ப்பியில் 2024 முதல் கிரீன்லாந்து மொழியும் இருக்கிறது. ஆனால் ஒரு முழு வாக்கியத்தையே ஒற்றைச் சொல்லாகக் கோத்துவிடுகிற மொழி அது, பல நேரம் மொழிபெயர்ப்பு குழம்பி வந்தது. டேனிஷ் பாதியைக் கேமராவால் படித்தபோது நன்றாகவே புரிந்தது. அதனால் இருமொழி அறிவிப்பு எதைப் பார்த்தாலும் டேனிஷ் பாதியைப் படியுங்கள். டேனிஷ் தொகுப்பை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். அதோடு கடையில் கல்லாவில் இருக்கும் இளம் பிள்ளைகளிடம் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். அவர்களிடம் ஆங்கிலமும் இருக்கும், ஊர்ச் செய்தியும் இருக்கும்.

அந்த நாட்களில்தான் ஆட்களோடு பேசும் பக்குவம் கொஞ்சம் வந்தது. நடுவயதுக்காரர்கள் பலர் ஆங்கிலம் தெரியாது என்றுதான் முதலில் சொல்வார்கள். தெரியாமல் இல்லை, கூச்சம். நாம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால், கொஞ்ச நேரம் மௌனமாக இருந்துவிட்டுச் சரியான பதிலைச் சொல்வார்கள். அந்த மௌனம் பொறுக்காமல் அதே கேள்வியை இன்னும் சத்தமாக, இன்னும் வேகமாகக் கேட்டால் பேச்சு முடிந்துவிடும். ஆங்கிலத்தில் வந்து மைக்கை நீட்டுகிறவர்கள் மீது அந்த வருடம் ஒரு சலிப்பும் இருந்தது. கிரீன்லாந்தை வாங்க வேண்டும் என்று அமெரிக்க அதிபர் பேசியதிலிருந்து வெளிநாட்டுச் செய்தியாளர்கள் படையெடுத்திருந்தார்கள். அமெரிக்கா பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த அன்பையும் சொல்லியாக வேண்டும். ஒரு மதியம் பாட்டி அரிசி, வெங்காயம், உருளைக்கிழங்கு போட்ட கடல்நாய்க் கறிச் சூப் செய்தார். ஒற்றைக் கையால் நான் தடுமாறுவதைப் பார்த்துக் கறியைத் தன் வளைந்த கத்தியால் சின்னச் சின்னதாக நறுக்கிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். குழைந்த சோறு வாயில் பட்டதும் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கு அம்மாவுக்குப் போன் செய்தபோது, "சாப்பிட்டியாடி?" என்ற கேள்விக்குத் தைரியமாக ஆமாம் என்றேன். கையைப் பற்றிச் சொல்லவில்லை.

கிழக்குக் கரைக்குப் போக நினைக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஐஸ்லாந்திலிருந்து பக்கம் என்பதால் நம்மவர்கள் பலர் டாசிலாக், குலுசுக் பக்கம் போக ஆசைப்படுகிறார்கள். அங்கே வீட்டில் பேசுவது கிழக்குக் கிரீன்லாந்து மொழி, பள்ளியில் படிப்பது மேற்குக் கரையின் மொழி, மூன்றாவதாக டேனிஷ், அதற்கப்புறம்தான் ஆங்கிலம். ஒரு பிள்ளைக்கு ஆங்கிலம் நான்காவது மொழி என்றால் அந்த ஊரில் அது எவ்வளவு கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அங்கே தனியாகப் போகிறவர்கள் உள்ளூர் ஆள் ஒருவரின் எண்ணை முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மூடுபனி விலகி ஒருவழியாக இலுலிசாட் போய்ச் சேர்ந்தேன். எக்ஸ்ரேயில் விரிசல் தெரிந்தது, பயந்த அளவுக்கு மோசமில்லை. அதற்குள் நூக் விமானமும் அங்கிருந்து கோபன்ஹேகன் விமானமும் போய்விட்டிருந்தன. இரண்டும் தனித்தனிச் சீட்டு, அதனால் ஒன்றை விட்டதற்கு இன்னொன்றில் மாற்று கிடைக்கவில்லை. புதுச் சீட்டுகளுக்கு மட்டும் 6,500 குரோனருக்கு மேல். அப்போது ஒரு குரோனர் 13 ரூபாய்க்குச் சற்று அதிகம். தீவில் கூடுதலாகத் தங்கியது, சென்னை விமானத்தை மாற்றியது, இலுலிசாட்டில் கடைசி நேரத்தில் எடுத்த அறை எல்லாம் சேர்ந்து அந்த ஒன்றரை லட்சம். முடிந்தவரை எல்லா விமானத்தையும் ஒரே முன்பதிவில் போடுங்கள். படகை நம்பும் பயணத்தில் தீவிலிருந்து திரும்பும் நாளுக்கும் விமான நாளுக்கும் நடுவே குறைந்தது இரண்டு நாள் சும்மா விடுங்கள். அது வீண் செலவு இல்லை.

ஊருக்கு வந்த பிறகும் மொழி என்னை விடவில்லை. காப்பீட்டுக்கு விண்ணப்பித்தபோது தீவின் மருத்துவ நிலையத்தில் தந்த காகிதம் டேனிஷில் இருக்கிறது, சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். டேனிஷுக்குச் சான்றளிக்கிற மொழிபெயர்ப்பாளரைச் சென்னையில் தேடி அலைந்து, கடைசியில் டெல்லியில் ஒருவரைப் பிடித்தேன். செலவு 6,000 ரூபாய், மாதக்கணக்கில் தாமதம். இலுலிசாட் மருத்துவரிடம் கிளம்பும்போது ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதித் தரமுடியுமா என்று கேட்டிருந்தேன்; ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார். எந்தக் கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொண்ட காகிதம் அது ஒன்றுதான், விமானச் செலவில் ஒரு பகுதி திரும்பி வந்ததும் அதனால்தான். மருத்துவ நிலையத்தை விட்டு வெளியே வரும் முன் அந்த ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். படகு ரத்தானால் அன்றைக்கே ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் கேளுங்கள். தீவில் தங்கிய செலவுக்கான கோரிக்கை இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதற்குச் சான்றாக என்னிடம் இருந்தது ஃபேஸ்புக் பதிவின் படம் மட்டும்தான், அதையும் மொழியைக் காட்டி ஏற்க மறுத்துவிட்டார்கள். போன வாரம் படகு நிறுவனத்துக்கு ஆங்கிலத்திலும் டேனிஷிலும் ஒரே கடிதத்தை எழுதி அனுப்பியிருக்கிறேன்.